டிரெஸ்ஸர் இல்லை

1932 ஜூலை 4, திங்கள்.

இன்று விண்ணப்பத்தில் ஒரு பிழை செய்துவிட்டேன். சிறு பிழைதான். ஏழாம் கட்டத்தில் 'முன் அனுபவம்' என்று கேட்டிருந்தது. அதில் ஆங்கிலத்தில் 'ஸ்கின் டிரெஸ்ஸிங், மூன்று வருஷம்' என்று எழுதினேன். 'டானிங்' என்று எழுதியிருக்க வேண்டும். ராமமூர்த்தி வாத்தியாரின் அகராதியில் தோல் பதனிடுவதற்கு இரண்டு சொல்லும் போட்டிருந்தது. நீளமானதை எடுத்துக்கொண்டேன். மாலை வகுப்பில் இரண்டு வருஷமாகப் படிக்கிறவன் சின்னச் சொல்லாக எழுதினால் நன்றாக இராது என்று தோன்றியது. இது கர்வம். மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

விண்ணப்பம் ஹார்கிரேவ் நினைவு தர்ம ஆஸ்பத்திரிக்கு. ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஜனங்கள் ஆர்க்கிரி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹார்கிரேவ் என்பவர் இந்தப் பக்கம் உத்தியோகம் பார்த்தபோது ஜுரம் கண்டு, சிகிச்சைக்கு ஊட்டிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்ட துரை. அவர் பிழைத்ததன் நினைவாக இங்கே கட்டினார்கள்.

நான் கேட்டது வார்டு ஆள் வேலை. கூட்ட வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், படுத்திருப்பவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். இவ்வளவும் எனக்கு வரும் என்றே நினைக்கிறேன்.

மூன்று வருஷமாக அப்துல் சமத் சாயபுவின் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. குழியில் ஊறிய ஆட்டுத் தோலை இழுத்துப் போட்டு மயிர் வழிக்க வேண்டும். ஆட்டுத் தோல் எது, ஆள் தோல் எது என்று சுண்ணாம்புக்குத் தெரியாது. வலது கையில் மூன்று விரல்கள் வெடித்துவிட்டன. பேனா பிடித்தால் நோட்டில் மைக்கறையோடு இன்னொரு கறையும் விழுகிறது. போன சனிக்கிழமை மேஸ்திரி முனீர் அகமது என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா பச்சை, இது கையா, வெந்த கத்திரிக்காயா? மூணு வாரம் குழிப்பக்கம் வராத. உன் எடத்துல காசியப் போடறேன். இருபத்தஞ்சாம் தேதி திங்கக்கெழம வந்தா உன் எடம் உனக்கு. வரலன்னா காசிக்கே."

"அதுக்குள்ள வேற வேல கெடச்சா, பாய்?"

"கெடச்சா சந்தோஷம். ஆஸ்பத்திரில கெடச்சா இன்னும் ஜாஸ்தி சந்தோஷம். நாங்க வந்தா தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணாவது இருக்கும்."

ஆகவே இருபத்தைந்தாம் தேதிக்குள் ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் மறுபடியும் குழி. இந்தக் கையோடு குழிக்குப் போனால் பேனாவை மறந்துவிட வேண்டியதுதான். நாளை மறுநாளோ அதற்கு மறுநாளோ போய் அந்த ஒரு சொல்லைத் திருத்திவிட வேண்டும்.

ஜூலை 7, வியாழன்.

திருத்த முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு ஜன்னல்கள். வலது ஜன்னல் நோயாளிகளுக்கு. இடது ஜன்னல் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு. பெஞ்சு மட்டும் ஒன்றுதான். அதன் நடுவே தினமும் காலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்கு வலப்புறம் உட்கார்ந்தவர் நோயாளி. இடப்புறம் உட்கார்ந்தவர் விண்ணப்பதாரர். தண்ணீர் ஆள் வேலைக்கு வந்த ஒரு நாட்றம்பள்ளிக்காரர் எட்டு நாள் காத்திருந்ததில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தார். காய்ச்சல் விட்டதும் திரும்பி நகரப் பார்த்தார். நோயாளியாக இருந்தவர் ஆறு மாதத்துக்கு வேலை கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். அவர் இன்னும் வலப்புறந்தான் உட்கார்ந்திருக்கிறார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

இடது ஜன்னலுக்குள் ஹெட் கிளார்க் கோதண்டராமன் இருந்தார். நான் கிட்டே போனதும் மைக்கூட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார். குழியை விட்டு ஐந்து நாளாகியும் என் மேல் சுண்ணாம்பு வாடை போகவில்லை போலிருக்கிறது.

"ஏழாம் கட்டத்துல ஒரு சொல்லு தப்பா எழுதிட்டேங்க."

"உன் காயிதம் வேலூர் கமிட்டிக்குப் போய்டுச்சு."

"மூணு நாள்லயா?"

"இன்னா, லேட்டா அனுப்பணுமா? அதுக்கும் புகார் எழுதுவியா?"

"திருத்தணுங்க."

"திருத்த மனுவுக்கு நமூனா பாரம் இருக்கு. ஆனா அது உத்தியோகஸ்தருக்குத்தான். நீ வேலைல சேர்ந்தப்புறம் வா. சேர்றதுக்கு முன்னாடி எழுதினது தப்புன்னு எழுதிக் குடு. வாங்கிக்கறேன்."

ஜன்னலுக்கு எதிரே கட்டு அறை. கதவில் 'டிரெஸ்ஸர் இல்லை' என்று ஒரு பலகை. சாக்குக்கட்டியில் கிறுக்கியதல்ல. எண்ணெய் வர்ணம், கறுப்பு எழுத்து, மஞ்சள் ஓரம், மாட்டுவதற்குப் பித்தளைக் கொக்கி. அதற்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் அம்மாள் ஒருவருடைய காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். வெளியே ஐந்து பேர் முறைக்குக் காத்திருந்தார்கள்.

"உள்ள கட்டு மாத்தறாங்களே?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"யாரு?"

"அந்த அம்மா."

"அது ஆயா. வார்டு ஆயா. ஆயா எப்படி டிரெஸ்ஸிங் பண்ண முடியும்? டிரெஸ்ஸர் இல்லாத எடத்துல டிரெஸ்ஸிங் நடக்காது. சந்தேகம் இருந்தா பாத்துக்கோ."

ஒரு ரிஜிஸ்தரை விரித்துக் காட்டினார். 'மாற்றிய கட்டுகள்' என்ற பத்தியில் பதினாறு மாதமாகத் தினமும் ஒரு சுழி. நல்ல கையெழுத்து. எல்லாச் சுழியும் ஒரே அளவு. அதே சமயம் கட்டு மாற்றிக்கொண்ட ஆள் வெள்ளைத் துணியோடு நொண்டிக்கொண்டே வெளியே வந்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். கோதண்டராமன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜூலை 11, திங்கள்.

கார்டு வந்திருக்கிறது. வார்டு ஆள் வேலைக்கு அல்ல. 'தாங்கள் விண்ணப்பித்த டிரெஸ்ஸர் பதவிக்கான பேட்டி' என்று இருக்கிறது. நான்கு முறை வாசித்தேன். நான்கு முறையும் அப்படியே இருந்தது.

காலையிலேயே ராமமூர்த்தி வாத்தியார் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அவர் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டிரெஸ்ஸர்னா ஆஸ்பத்திரில புண்ணக் கழுவிக் கட்டுப் போடறவன்டா. ஸ்கின்னுன்னா அங்க மனுஷன் தோலு. அகராதி சரிதான், நீ எழுதின எழுத்தும் சரிதான். நீதான் வேற கட்டடத்துல போய் நின்னுட்டே."

"போய்ச் சொல்லிடட்டுங்களா, சார்?"

"கார்டோட பின்பக்கத்தப் படி."

பின்பக்கத்தில் இரண்டு விதிகள். கேட்கப்படாத விவரங்களைத் தெரிவிப்பவர் எல்லா வேலைகளுக்கும் தகுதி இழப்பார். முந்தைய முதலாளியின் நற்சாட்சிக் கடிதம் கொண்டுவராதவரும் தகுதி இழப்பார்.

வார்டு ஆள் வேலையும் அந்த 'எல்லா'வுக்குள் வரும். ஆகவே நேரில் போய், கேட்டால் சொல்வது என்று முடிவு செய்தேன். யாராவது ஒருவர் கேட்காமலா போவார்?

மத்தியானம் சமத் சாயபுவிடம் கடிதம் கேட்டேன். அவருக்கு எல்லாக் கடிதமும் ஒன்றுதான். மெட்ராஸ் மண்டிக்கு எழுதுகிற மாதிரியே கணக்கரிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுத வைத்தார். அதன் அர்த்தம்: 'பச்சையப்பன் எங்களிடம் மூன்று வருஷத்தில் சுமார் நாலாயிரம் தோல்களுக்கு டிரெஸ்ஸிங் செய்திருக்கிறார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.'

"ஆட்டுத் தோல்னு போடுங்க, மொதலாளி."

"தலைப்புலயே 'அப்துல் சமத், ஸ்கின்ஸ், ஆம்பூர்'னு அச்சடிச்சிருக்கு. ஆட்டுத் தோல் இல்லாம இன்னா மாம்பழத் தோலா விக்கறேன்? பேஜார் பண்ணாத. எடுத்துகினு போ."

ஜூலை 14, வியாழன்.

காலைப் பாசஞ்சரில் காட்பாடியில் இறங்கி வேலூருக்கு நடந்தேன். கமிட்டி அறையில் நீள மேஜை. அந்தப் பக்கம் ஏழு நாற்காலிகள், இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. நின்றேன். நடந்ததை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன். எங்கே தப்பியிருக்கலாம் என்று பின்னால் பார்க்க உதவும்.

முதலில் தலைவர் எழுந்து பேசினார். விண்ணப்பதாரர் நான் ஒருவன்தான். ஆனாலும் பெரிய கூட்டத்துக்குப் பேசுகிற மாதிரியே பேசினார்.

"மெம்பர்களே! நம் ஆஸ்பத்திரியில் கடந்த பதினாறு மாதங்களில் தவறான நியமனம் ஒன்றுகூட நடந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நியமனமே நடக்கவில்லை என்பதுதான் அதன் ரகசியம். சில நோயாளிகள் குறை சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், அவர்களுக்கு என்ன அவசரம்? நோயாளிகள் வருவார்கள், போவார்கள். கமிட்டி நிரந்தரமானது. இந்த ஆஸ்பத்திரியை நாம் இவ்வளவு ஒழுங்காக நடத்தியிருக்கிறோம். நோயாளிகள் மட்டும் ஒத்துழைத்திருந்தால் இன்னும் ஒழுங்காக நடந்திருக்கும்."

ஆறு பேரும் மேஜையைத் தட்டினார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். டிரெஸ்ஸிங்குக்கு என்ன உபயோகிப்பீர்?"

"மொதல்ல சுண்ணாம்புங்க. அப்புறம் ஆவாரம்பட்டைங்க. ஆனா ஐயா, அது வந்து..."

"அனாவசியம் வேண்டாம்."

ஓரத்தில் கதர் ஜிப்பா போட்டிருந்த மெம்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆவாரம்பட்டை! சீமை மருந்து ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. கவனியுங்கள்."

மூக்குக்கண்ணாடி போட்ட மெம்பர் கேட்டார். "எத்தனை நாள் வைத்திருப்பீர்?"

"குழியில பத்து நாளுங்க."

"தனியாகவா?"

"ஒண்ணா அடுக்கி வெப்போங்க. ஊறினதும் எடுத்து வழிப்போங்க."

"இடப் பற்றாக்குறை. நம் ஆஸ்பத்திரியிலும் அதேதான்" என்றார் தலைவர். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

"வழிக்கும்போது கத்துவார்களா?" இதுவும் மூக்குக்கண்ணாடிதான்.

இதோ கேட்டுவிட்டார் என்று எனக்கு சந்தோஷமாக இருந்தது. "கத்தாதுங்க. எங்க கிட்ட வரும்போதே உசிரு இருக்காதுங்க."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவ்வளவு முற்றிய கேஸ்களை எல்லாம் எடுத்திருக்கிறார்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சாயபுவின் கடிதத்தை உரக்க வாசித்தார். "நாலாயிரம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை." மறுபடியும் மேஜையைத் தட்டினார்கள்.

"ஐயா, அது ஆட்டு..." என்று நான் ஆரம்பித்தேன். சேவகன் மணி அடித்தான். பேட்டி முடிந்தது. உடல் தகுதிச் சர்ட்டிபிகேட் தந்தால் இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை முதல் டிரெஸ்ஸர்.

திரும்பும் ரயிலில் யோசித்தேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அவ்வளவு நேரமும் பொய் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி களைப்பாக இருந்தது. குடியாத்தம் தாண்டியபோது இன்னொன்றும் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இனி சுண்ணாம்பு இல்லை என்று என் கை சந்தோஷப்பட்டது.

ஜூலை 15, வெள்ளி.

கோதண்டராமன் இன்று "வாங்க, பச்சையப்பன்" என்றார். மைக்கூடு நகரவில்லை. உட்காரச் சொல்லப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் உத்தியோகஸ்தர் உட்காரக் கூடாதாம்.

சர்ட்டிபிகேட்டுக்கு டாக்டரிடம் போனேன். அவர் நல்லவர்தான் என்று நினைக்கிறேன். மேஜை முழுக்கக் காகிதம். பார்க்காமலே கையை நீட்டச் சொன்னார், பிறகு பார்த்தார்.

"சுண்ணாம்புப் புண். ஒரு வாரம் ஒழுங்காக் கட்டுப் போட்டா ஆறிடும். ஆறினப்புறம் வாங்க, எழுதித் தர்றேன்."

"கட்டு யாருங்க போடுவாங்க?"

"டிரெஸ்ஸர்."

"டிரெஸ்ஸர் இல்லீங்களே."

"நீங்கதானே டிரெஸ்ஸர்?"

"நான் இன்னும் சேரலீங்க."

"ஏன் சேரல?"

"கையில புண்ணுங்க."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சேர்ந்துட்டு நீங்களே போட்டுக்குங்க."

"சேர சர்ட்டிபிகேட் வேணுங்க."

"அதான் ஆறினப்புறம் வாங்கன்னு சொல்றேனே."

அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு பதிலும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது. வெளியே வந்தேன். சிகிச்சைக்குச் சீட்டு வாங்கினால் நோயாளி ஆகிவிடுவேன், ஆறு மாதம் வேலை இல்லை. வாங்காவிட்டால் கை ஆறாது. பெஞ்சுக்கு முன்னால் தரையிலும் அந்தக் கோட்டை நீட்டியிருந்தார்கள். அதன் மேலேயே நின்றேன்.

"இன்னாபா, கோட்டு மேல நிக்கற? கழக்கூத்தா?"

கட்டு அறை அம்மாள். பலகைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வலது பக்கமா, இடது பக்கமான்னு தெரியலீங்க, ஆயாம்மா."

"ஆயான்னு கூப்டாத. எனக்கு இன்னும் பேத்தி பொறக்கல. ஆரோக்கியமேரின்னு பேரு, அக்கான்னு கூப்டு. உள்ள வா. உள்ள கோடு கெடையாது."

கொதிக்க வைத்த துணியைக் குறட்டால் எடுத்தார். போரிக் தண்ணீரில் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். வலித்தது, ஆனால் வலிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் கழுவினார்.

"எத்தினி நாளா இத செய்றீங்க, அக்கா?"

"பழைய டிரெஸ்ஸர் போனதுலேர்ந்து பதினாறு மாசம். அவர் இருந்தப்பவும் பாதி நான்தான். அவருக்குக் கை நடுங்கும்."

"அந்த வேலய நீங்க கேக்கலாமே?"

"மூணு வாட்டி கேட்டேன். மூணு வாட்டியும் ஏழாம் கட்டத்துல நின்னுபோச்சு. 'ஆயா வேல, ஒம்பது வருஷம்'னு எழுதினேன். 'டிரெஸ்ஸிங் அனுபவம் இல்லை'ன்னு திருப்பி அனுப்சாங்க. அனுபவம் இருக்குன்னு இந்த ஆஸ்பத்திரிதான எழுதித் தரணும்? எழுதினா அந்தாளு ரிஜிஸ்தர்ல போட்ட சுழியெல்லாம் தப்பாப் பூடும்." சுண்டு விரலில் முடிச்சுப் போட்டார். "நீதான் புது டிரெஸ்ஸராமே. எந்த ஆஸ்பத்திரில இருந்த?"

சொல்லிவிட்டேன். முதல் முறையாக ஒருவர் முழுவதும் கேட்டார். அவர் சிரித்த சிரிப்பில் துணிச் சுருள் கை தவறிக் கீழே விழுந்தது. விழுந்ததைத் தனியே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார்.

"ஆட்டுக்குப் பண்ணவனுக்கு வேல, ஆளுக்குப் பண்ணவளுக்கு இல்ல. நல்லாக்கீது. சரி, தெனம் காலைல வந்து கட்டு மாத்திகினு போ. வேலைல சேர்ந்தா ஒழுங்கா செய். கேட்டியா?"

ஜூலை 22, வெள்ளி.

கை ஆறிவிட்டது. புதுத் தோல், ரோஜா நிறம். டாக்டர் பார்த்து, யார் கட்டியது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்தரில் இன்றைக்கும் சுழிதான்.

கோதண்டராமன் நியமன உத்தரவைக் கொடுத்தார். அதில் கடைசி வரி: 'டிரெஸ்ஸர் பதவி ஏற்கும் நாள் முதல் வார்டு ஆயா ஆரோக்கியமேரி கட்டு அறைக்குள் நுழையக் கூடாது. அவர் துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றப்படுகிறார்.'

"இத்தினி நாள் ஒரே ஒழுங்கீனம்" என்றார் கோதண்டராமன். "இனிமே எல்லாம் முறைப்படி."

"அவங்கதான் உள்ள வர்றதே இல்லன்னு சொன்னீங்களே?"

"ஆமா. இனிமே வரவே கூடாது."

நான் உத்தரவை மடித்துக்கொண்டிருக்கும்போது காசியைக் கூட்டிவந்தார்கள். என் இடத்தில் குழியில் நிற்கிற அதே காசி. வழுக்கி விழுந்து, முழங்கை வரை சுண்ணாம்புக் கூழ். ஆரோக்கியமேரி அவன் கையைத் தொட்டிக்கு மேலே பிடித்தார்.

"தண்ணி ஊத்து, தம்பி. நான் நிறுத்துன்னு சொல்றவரைக்கும் ஊத்திகினே இரு."

பத்துப் பன்னிரண்டு குடம் ஊற்றினேன். பிறகு அவர் துணியை என்னிடம் நீட்டினார். கோபமாக இல்லை. திங்கட்கிழமை அவர் இங்கே இருக்கமாட்டார் என்பது அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது.

"ஒத்தி எடு. நீதான செய்யணும் இனிமே."

"டேய் பச்சை, நீயா?" என்றான் காசி. "அக்கா, வேணாம் அக்கா. இவன் என்ன வழிச்சு வெயில்ல காய வெச்சிடுவான்."

நானும் சிரித்தேன். துணியை வைத்தேன். ஒத்த வேண்டும் என்று தெரியும். ஆனால் தோலைத் தொட்டதும் கை தன் வழக்கப்படி போய்விட்டது. உள்ளங்கையின் அடியால் அழுத்தி, மேலிருந்து கீழே ஒரே வழிப்பு. மூன்று வருஷம் நாலாயிரம் தோலில் பழகிய வழிப்பு. காசி போட்ட கூச்சலில் வராந்தாவில் கோட்டின் இரண்டு பக்கத்தாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆரோக்கியமேரி துணியை வாங்கிக்கொண்டார். அவரே ஒத்தி எடுத்தார். காசியின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தேன். அவர் ஆற்றிக் கொடுத்த கை.

ஜூலை 24, ஞாயிறு.

நேற்றும் இன்றும் நடந்தவை.

நேற்றுக் காலை உத்தரவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கோதண்டராமனுக்குப் புரியவில்லை.

"வேல வேணாமா? அதுக்கு நமூனா இல்லியே."

"எனக்குத் தெரியாத வேலைங்க. நான் ஆட்டுத் தோல்..."

"அதெல்லாம் கேட்கல." நெடுநேரம் யோசித்து, 'பதவி ஏற்கவில்லை' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் நிறுத்தி, ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்து, 'தகுதி அதிகம்' என்று நிரப்பினார். இதுவரை வேலை கிடைக்காமல் போனவர்கள் எல்லாருக்கும் 'தகுதி குறைவு' என்றே போட்டிருக்கிறது. ஒன்றாவது மாறியிருக்கட்டும் என்று நினைத்தார் போலும்.

"வார்டு ஆள் வேல இன்னும் காலியா இருக்குங்களா?"

"இருக்கு. உனக்கில்ல. டிரெஸ்ஸரா தேர்வானவன் எப்படிக் கூட்டறது?" மைக்கூடு உள்ளே போயிற்று. "டிரெஸ்ஸர் பதவிக்குத் திங்கக்கெழம காலைல மறுபடியும் விண்ணப்பம் வாங்குவோம். பத்துலேர்ந்து பன்னண்டு. ஒரு நாள்தான். அந்தண்ட போ, காத்து வரட்டும்."

பலகையைப் புதிதாக எழுத வந்த வர்ணக்காரர் அதைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். மறுபடியும் மாட்டிவிட்டுப் போனார்.

இன்று காலையிலிருந்து ஒரு நோட்டோடு எங்கள் ஷாப்பு ஆட்கள் வீடுகளுக்கெல்லாம் போனேன். பதினாறு மாதத்தில் ஆரோக்கியமேரியிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்களை விசாரித்து, பெயர், எந்தக் கை, எத்தனை நாளில் ஆறியது என்று எழுதினேன். முப்பத்தொரு பேர். மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு சமத் சாயபு வீட்டுக்குப் போனேன்.

"ஒன் வேல ஆச்சா?"

"இல்லீங்க, மொதலாளி. இது இன்னொருத்தருக்கு. அன்னிக்கு எழுதின மாதிரியே ஒண்ணு வேணும்."

பட்டியலைப் பார்த்தார். "எல்லாம் நம்ம ஷாப்பு ஆளுங்கதான? அப்ப நம்ம தோல்தான். அதே வாசகம் போதும், நம்பரை மட்டும் மாத்து."

தலைப்புக் காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாசகத்தை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். 'ஆரோக்கியமேரி பதினாறு மாதங்களில் எங்கள் ஷாப்பின் முப்பத்தொரு தோல்களுக்கு டிரெஸ்ஸிங் செய்திருக்கிறார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.' கையெழுத்துக்கு நீட்டும்போது நினைவு வந்தது. காசிக்கு இன்னும் ஆறவில்லை; கட்டு மாற்ற நேற்று மறுபடியும் போயிருக்கிறான். வேறு காகிதம் கேட்டு வாங்கி, முப்பது என்று எழுதினேன். சாயபு சலித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மாலையில் ஆரோக்கியமேரி வீட்டில் கடிதத்தை வாசித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன்.

"இது பொய்யா, நெஜமா, தம்பி?"

"எனக்கே சரியாத் தெரியல, அக்கா. ஒவ்வொரு சொல்லும் நெஜம்தான்."

"அப்ப கமிட்டிக்குப் புரியாது. குடு." வாங்கி வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் பத்து நாளைக்கு இதுல சுண்ணாம்பு படக் கூடாது. சொல்லிட்டேன்."

நான் தலையாட்டினேன். அதுவும் ஒரு பிழை என்றால் இங்கே எழுதிவிட்டேன்.

நாளைய வேலை. விடிவதற்கு முன் எழுந்து ஆரோக்கியமேரியின் விண்ணப்பத்தை நல்ல மையில் எழுத வேண்டும். ஏழாம் கட்டத்தில்: ஸ்கின் டிரெஸ்ஸிங், பதினாறு மாதம். ஐந்து மணிக்கு அவர் வீட்டில் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு அவரே இடது ஜன்னலில் கொடுத்துவிடுவார். ஐந்தரைக்கு ஷாப்பு. பட்டை இடிக்கிற பக்கம் இடம் உண்டா என்று முனீர் பாயிடம் கேட்க வேண்டும். இல்லை என்றால் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குழியில் இறங்க வேண்டும்.